விபிஎன் போட்டவரெல்லாம் திருடரா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. விபிஎன், டோர் என்று, நாம் யார், எங்கிருந்து வருகிறோம் என்பதை மறைத்து இணையத்தில் போக உதவும் ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு போனால் தளங்கள் உள்ளே விடமாட்டேன் என்கின்றன. எனக்கும் நெடுநாளாக மனதை உறுத்துகிற விஷயம் இது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: வேலை நிமித்தம் எப்போதும் விபிஎன் போட்டே வைத்திருக்கிறேன். சும்மா ஒரு கட்டுரை படிக்கப் போனால்கூட "அணுகல் மறுக்கப்பட்டது" என்று வெள்ளைப் பக்கம் வருகிறது. விபிஎன்னை அணைத்தால் உடனே திறக்கிறது. நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்: ஒரு தப்பும் செய்யவில்லை. அவர்கள் உங்களைப் பார்க்கவே இல்லை, இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்ணான ஐபி முகவரியைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறார்கள். விபிஎன் போட்டதும் தளத்துக்குத் தெரிவது விபிஎன் நிறுவனத்தின் சர்வர் முகவரி. அந்த சர்வர் பெரும்பாலும் ஏதோ ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்ததாக இருக்கும். எந்த முகவரித் தொகுதி யாருக்குச் சொந்தம் என்பது பொதுப் பதிவேடுகளில் இருக்கிறது. அதைத் தொகுத்து, "இது விபிஎன், இது டேட்டா சென்டர், இது வீட்டு இணைப்பு" என்று முத்திரை குத்தி, ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு மதிப்பெண் போட்டு விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. தளம் நடத்துபவர் அதை வாங்கி ஒரு பெட்டியில் டிக் அடித்துவிட்டால் போதும். டேட்டா சென்டரில் உட்கார்ந்து யாரும் கட்டுரை படிப்பதில்லை, அங்கிருந்து வருவது தானாக ஓடும் நிரலாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. விபிஎன் இல்லாத காலத்தில் அந்தக் கணக்கு சரியாகக்கூட இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. அதே சர்வர் வழியாக உங்களோடு சேர்த்து இன்னும் பல நூறு பேர் போய்க்கொண்டிருப்பார்கள். அதில் ஒருவர் ஸ்பேம் அனுப்பினாலும், எங்கோ கசிந்த பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டு வேறு தளங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலும், கெட்ட பெயர் அந்த முகவரிக்கு. ஒருவன் பிக்பாக்கெட் அடித்தான் என்பதற்காக அந்தப் பேருந்தில் வந்த அத்தனை பேரையும் இறங்கவிடாமல் திருப்பி அனுப்புவது போலத்தான் இது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அந்த வெள்ளைப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். 403 என்றால் அனுமதி இல்லை என்று மட்டும்தான் பொருள், காரணம் சொல்லமாட்டார்கள். 429 என்றால் உங்கள் முகவரியிலிருந்து குறுகிய நேரத்தில் கோரிக்கைகள் அதிகம் வந்துவிட்டன, கொஞ்சம் பொறுத்துப் போனால் திறக்கும். 451 என்றால் சட்டக் காரணம். பல தளங்களுக்குக் காவலாக நடுவில் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் வழியாகப் பக்கம் வருகிறது என்றால் 1020 என்ற எண் தள உரிமையாளரே போட்ட விதியைக் குறிக்கும், 1009 என்றால் அந்த நாட்டிலிருந்தோ பகுதியிலிருந்தோ வருபவர்களை அவர் தடுத்திருக்கிறார். இந்த இரண்டாவதுதான் என்றால் விபிஎன் செயலியில் வேறு நாட்டு சர்வரை மாற்றிக்கொண்டாலே தீர்ந்துவிடும். மற்றபடி கூட்டம் குறைந்த சர்வருக்கு மாறிப் பாருங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால், நீங்கள் நம்புகிற தளமாகவும் இருந்தால், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விபிஎன்னைத் தாண்டிப் போகும்படி "ஸ்ப்ளிட் டன்னலிங்" என்ற வசதியில் சேர்த்துவிடலாம். சில செயலிகளில் தளவாரியாகவும் சிலவற்றில் செயலிவாரியாகவும் அது இருக்கும்.

கேள்வி: நான் விபிஎன் என்ற சொல்லையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஆனால் மொபைலில் ஒரு தளம் "நீங்கள் விபிஎன் பயன்படுத்துகிறீர்கள், அணைத்துவிட்டு வாருங்கள்" என்கிறது. எதை அணைப்பது?

பதில்: அணைக்க உங்களிடம் எதுவும் இல்லாமலே இருக்கலாம். பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவில் பிரித்துக் கொடுக்க வைத்திருந்த கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. இதற்கென்றே 2012இல் தனியாக ஒரு முகவரித் தொகுதியையும் ஒதுக்கினார்கள். உங்களுக்குத் துளியும் தெரியாத யாரோ ஒருவர் அதே பொது முகவரியிலிருந்து செய்த வேலைக்கு உங்கள் போன் பதில் சொல்கிறது. விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுத்தால் சில நேரம் வேறு முகவரி கிடைக்கும்.

ஆப்பிள் சாதனமாக இருந்து, ஐகிளவுட் கட்டணச் சந்தாவும் இருந்தால் "பிரைவேட் ரிலே" ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். 2021இல் வந்தது. சஃபாரியில் போகும்போது உங்கள் முகவரியை மறைக்கும். அதன் வெளிவாசல் முகவரிகளை ஆப்பிளே பட்டியலாக வெளியிடுகிறது, தளங்கள் அடையாளம் கண்டு அனுமதிக்க வேண்டும் என்பதற்காக. ஆனாலும் அதை விபிஎன் கணக்கிலேயே சேர்த்துத் தடுக்கிற தளங்கள் இருக்கின்றன.

கேள்வி: எனக்குப் பார்வை கிடையாது. திரை வாசிப்பான் வைத்துத்தான் இணையத்தைப் பயன்படுத்துகிறேன். விபிஎன் போட்டால், வருபவர் மனிதரா நிரலா என்று சோதிக்கும் கேப்ச்சா வருகிறது. படத்துக்குப் பதில் ஒலிக் கேப்ச்சாவை அழுத்தினால், "உங்கள் நெட்வொர்க்கிலிருந்து தானியங்கிக் கோரிக்கைகள் வருகின்றன, பிறகு முயலவும்" என்று அதையும் மறுத்துவிடுகிறது. பார்வை உள்ளவருக்கு நான்கு படம், எனக்கு ஒன்றுமே இல்லையா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. நீங்கள் சொல்வது அப்படியே உண்மை. நிரல்கள் ஒலிக் கேப்ச்சாவைச் சுலபமாகத் தீர்த்துவிடுகின்றன என்பதால், சந்தேகத்துக்குரிய முகவரி என்று பட்டால் முதலில் பிடுங்குவது அந்த ஒலி வழியைத்தான். பார்வையற்ற ஒருவருக்கு இருக்கும் ஒரே வழியும் அதுதான். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பு, கேப்ச்சா மாற்றுத்திறனாளிகளை வெளியே நிறுத்துகிறது என்று 2005லேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. இத்தனை வருடங்கள் கழித்தும் நிலைமை இதுதான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், படக் கேப்ச்சா நிரல்களைத் தடுப்பதும் இல்லை. சூரிச் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல், போக்குவரத்து விளக்கைத் தேடு, பேருந்தைத் தேடு என்று கேட்கும் ரீகேப்ச்சா இரண்டாம் பதிப்பைத் தங்கள் நிரல் நூற்றுக்கு நூறு தீர்த்துவிட்டதாகக் காட்டினார்கள். நாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கம்பம் விளக்கில் சேருமா சேராதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம், நிரல் போய்விடுகிறது. அப்புறம், எத்தனை படம் காட்டுவது என்பதையே உங்கள் பிரவுசரில் இருக்கும் தளங்கள் விட்டுவைத்த சிறு பதிவுகளான பழைய குக்கீகளையும் உலாவிய வரலாற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். தன்னைப் பற்றி எதையும் விட்டுவைக்காதவருக்குத்தான் படம் திரும்பத் திரும்ப வரும்.

இப்போதைக்கு உங்களுக்கு உதவக்கூடியவை இரண்டு. ஹெச்கேப்ச்சா என்ற வகைக் கேப்ச்சாவை வைத்திருக்கும் தளம் என்றால், மாற்றுத்திறனாளிகள் ஒருமுறை பதிவு செய்து குக்கீ வாங்கிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. ஐபோன், மேக் வைத்திருந்தால் "தானியங்கிச் சரிபார்ப்பு" என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அதை ஏற்கும் தளங்களில், நீங்கள் யார் என்று சொல்லாமலே, இது உண்மையான சாதனம்தான் என்று ஒரு டோக்கன் போய்ச் சேரும், கேப்ச்சா வராது. குறிப்பிட்ட நிறுவனத்தின் கருவி வைத்திருப்பவருக்கு மட்டும் வழி திறப்பது நியாயமா என்றால், இல்லை. ஆனால் இன்று உங்கள் வேலை நடக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

கேள்வி: டோர் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள்தான், அதனால்தான் தடுக்கிறார்கள் என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். 94 சதவீதம் என்று ஒரு கணக்கும் சொல்கிறான். உண்மையா?

பதில்: அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2016 மார்ச்சில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் தலைவர் மேத்யூ பிரின்ஸ் எழுதிய பதிவில், தங்கள் வலையமைப்புக்கு டோர் வழியாக வரும் கோரிக்கைகளில் 94 சதவீதம் தீங்கானவை என்றார். டோர் திட்டத்தினர் உடனே அதை மறுத்து, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டார்கள். எண் சரியாகவே இருக்கட்டும், அதில் எண்ணப்பட்டது கோரிக்கைகள். மனிதர்களை யாரும் எண்ணவில்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து படித்தால் ஒரு மணி நேரத்தில் எத்தனை பக்கம் புரட்டுவார்? ஒரு நிரல் அதே நேரத்தில் லட்சம் கோரிக்கை அனுப்பும். ஆயிரம் வாசகர்களும் ஒரே ஒரு நிரலும் இருந்தாலே கோரிக்கைக் கணக்கில் வாசகர்கள் சிறுபான்மை ஆகிவிடுவார்கள். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

டோர் வேலை செய்யும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். அடிப்படை யோசனை 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, டோர் மென்பொருள் 2002இல் வெளியானது. உங்கள் கோரிக்கை மூன்று ரிலேக்கள், அதாவது கைமாற்றிவிடும் மூன்று சர்வர்கள், வழியாகச் செல்லும். முதல் ரிலேவுக்கு நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசி ரிலேவுக்கு எங்கே போகிறீர்கள் என்று தெரியும், யார் என்று தெரியாது. அந்தக் கடைசி ரிலேக்களின் முகவரிகளை டோர் திட்டமே பொதுவில் வெளியிடுகிறது. தள உரிமையாளருக்கு இது டோர் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பது அவர்கள் நிலைப்பாடு. இப்படி வெளிப்படையாக நடந்துகொண்டதற்குக் கிடைத்த பலன், தடுப்பது மிகச் சுலபமாகிவிட்டது. முகவரிப் பட்டியலை இறக்கி ஒட்டினால் முடிந்தது. கிளவுட்ஃப்ளேரில் டோரை ஒரு நாடு மாதிரியே வைத்திருக்கிறார்கள், ஒரே விதியில் மொத்தமாக மூடிவிடலாம். 2016இல் வந்த ஓர் ஆய்வு, அன்றைக்கு முன்னணியில் இருந்த ஆயிரம் தளங்களில் 3.67 சதவீதம் டோர் பயனாளர்களைத் தடுத்தன அல்லது குறைந்த சேவை கொடுத்தன என்று கண்டது. மூடிவிட்டுப் போகும் தளத்தில் யாருக்கு நஷ்டம்? தாக்க வருபவன் வேறு வழியில் வந்துவிடுவான், அதைக் கீழே சொல்கிறேன். படிக்க வந்தவர்தான் வெளியே நிற்பார்.

நல்லதும் நடந்திருக்கிறது. ஃபேஸ்புக் 2014லும் பிபிசி 2019லும் டோருக்குள் மட்டுமே திறக்கும் தனி ஆனியன் முகவரி வைத்தன. அதே கிளவுட்ஃப்ளேர் 2018இல் தன் வாடிக்கையாளர் தளங்களுக்கு ஆனியன் வழியைத் திறந்தது. ஒருமுறை சரிபார்த்துவிட்டால் பல தளங்களில் செல்லும் டோக்கன்களைத் தரும் "பிரைவசி பாஸ்" 2017இல் வந்தது. டோக்கனைக் கொடுத்தவருக்கும் அது எங்கே செலவானது என்று தெரியாதபடி கணிதத்தில் கட்டியிருக்கிறார்கள். 2024இல் இணையத் தரமாகவும் ஆனது.

டோர் பிரவுசரில் ஒரு தளம் திறக்கவில்லை என்றால் முகவரிப் பட்டையின் இடது பக்கம் இருக்கும் சர்க்யூட் (அந்த மூன்று ரிலேக்களின் பாதை) குறியை அழுத்தி, இந்தத் தளத்துக்குப் புதிய சர்க்யூட் கேளுங்கள். கடைசி ரிலே மாறும். "புதிய அடையாளம்" என்பதைத் தவறி அழுத்தினால் திறந்திருக்கும் எல்லா டேபும் மூடிவிடும், கவனம்.

கேள்வி: குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களோடு வேலை செய்கிறேன். கணவர் இணைப்பைக் கண்காணிக்கிறார் என்ற பயத்தில் டோரையோ விபிஎன்னையோ சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அவர்கள் தேடிப் போகும் மருத்துவ, சட்ட உதவித் தளங்களே உள்ளே விடுவதில்லை. என்ன சொல்வது?

பதில்: விபிஎன்னை அணைத்துவிட்டு வாருங்கள் என்று ஒரு பக்கம் சொல்லும்போது, அந்தப் பெண்ணிடம் தன் பாதுகாப்பை அணைக்கச் சொல்கிறார்கள் என்பது அதை எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. அதனால்தான் இந்தக் கடிதத்தை நடுப்பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண்களிடம் விபிஎன்னை அணைக்கச் சொல்லாதீர்கள். இணைய ஆவணக் காப்பகமான வேபேக் மெஷின் பெரும்பாலும் அதே பக்கத்தைக் காட்டும், படிக்க அது போதும். முக்கியமான பக்கங்களை நீங்களே முன்கூட்டிச் சேமித்து அச்சிட்டும் வைத்திருங்கள். இன்னொன்று, விபிஎன் இணைப்பை மறைக்கும், ஆனால் போனிலேயே உளவுச் செயலி இருந்தால் காப்பாற்றாது. கணவர் கைபட்ட போன் என்றால் வேறு கருவியிலிருந்து பார்ப்பதுதான் பத்திரம். அந்த உதவித் தளங்களுக்கு நீங்கள் நிறுவனமாகக் கடிதம் எழுதினால் கேட்பார்கள் என்று நம்புகிறேன். கடைசிக் கேள்வியில் ஒரு மாதிரி கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: விபிஎன் போட்டால் படம் பார்க்கும் தளம் முகத்தில் அடித்த மாதிரி மூடுகிறதே?

பதில்: அது உரிமக் கணக்கு. ஒரு படத்தை எந்த நாட்டில் யார் காட்டலாம் என்று நாடுவாரியாக விற்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் விபிஎன்களை இறுக்கப்போவதாக அறிவித்தது, மற்றவர்களும் அப்படியே. அங்கே உங்களை யாரும் திருடர் என்று நினைக்கவில்லை, ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள்.

கேள்வி: எதிர்க்கட்சியிலிருந்து ஒரு குரல். சின்னத் தளம் ஒன்று நடத்துகிறேன், தனி ஆள். ஸ்பேம் கமெண்டுகள், இரவெல்லாம் லாகின் முயற்சிகள். விபிஎன்னையும் டோரையும் மொத்தமாகத் தடுத்தேன், பாதி குறைந்தது. நான் செய்தது தவறா?

பதில்: உங்கள் தலைவலி புரிகிறது. தனி ஆளாக ராத்திரி லாகின் பதிவைத் திறந்து பார்த்தால், ஒரே பயனர் பெயருக்கு வரிசையாகத் தோற்ற முயற்சிகள் பக்கம் பக்கமாக ஓடுவதைப் பார்த்தால், யாருக்கும் எதையாவது மூடத்தான் கை போகும். ஆனால் குறைந்தது சோம்பேறித் தாக்குதல்தான். காசு செலவழிக்கத் தயாராக இருப்பவன் சாதாரண வீடுகளின் முகவரிகளை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறான். 2024 மே மாதத்தில் அமெரிக்க அரசு முடக்கிய "911 எஸ்5" என்ற வலையில் 190க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 1.9 கோடி ஐபி முகவரிகள் இருந்தன. எல்லாம் சாதாரண மக்களின் கணினிகள். உங்கள் விதிப்படி அவையெல்லாம் நல்ல முகவரிகள், நேராக உள்ளே வரும். சம்பளப் பணியாளரும் பத்திரிகையாளரும் பொது வைஃபையில் உட்கார்ந்திருக்கும் மாணவியும் வரமுடியாது.

என் யோசனை இதுதான்: வருபவரின் முகவரியை விட்டுவிட்டு, வந்து என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். படிக்க வருபவரை எதுவும் கேட்காதீர்கள். கட்டுரைப் பக்கங்களைத் தேக்கிவைத்துக் கொடுத்தால் சர்வருக்கு அதனால் பெரிய சுமை கிடையாது. கேள்வி கேட்க வேண்டிய இடம் கமெண்ட் எழுதும் இடமும் லாகின் செய்யும் இடமும்தான். லாகினில் முகவரியை மட்டும் எண்ணாமல் கணக்கை எண்ணுங்கள்; ஒரு கணக்குக்குத் தோல்விகள் சேரச் சேர அடுத்த முயற்சிக்கு இடைவெளியைக் கூட்டுங்கள், முழுதாகப் பூட்டினால் அதையே வைத்து உங்கள் வாசகரை வெளியே தள்ளிவிடுவார்கள். நிர்வாகக் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இன்றைக்கே போடுங்கள். கமெண்ட் படிவத்தில் மனிதர் கண்ணுக்கும் திரை வாசிப்பானுக்கும் தெரியாத ஒரு காலிக் கட்டம் வைத்தால் நிரல்கள் பல அதையும் நிரப்பித் தாமே மாட்டிக்கொள்ளும். முதல்முறை எழுதுபவரின் கமெண்டையும், லிங்க் உள்ள கமெண்டையும் நீங்கள் பார்த்தபின் வெளியிடுங்கள். இத்தனையும் செய்தபிறகு ஒரு முகவரியிலிருந்து வெள்ளமாக வந்தால் அதைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். இன்று அந்த முகவரியில் இருப்பவர் நாளை இருக்கமாட்டார்.

விக்கிப்பீடியாவைப் பாருங்கள். டோரிலிருந்தும் யாரும் பயன்படுத்தக்கூடிய இடைநிலை சர்வர்களான திறந்த பிராக்சிகளிலிருந்தும் தொகுப்பதைத் தடுக்கிறார்கள், அதிலும் உண்மையான தேவை உள்ளவர் விண்ணப்பித்தால் விலக்கு தருகிறார்கள். படிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அவ்வளவு பெரிய தளத்துக்கே இது கட்டுப்படியாகிறது.

கேள்வி: வீட்டு முகவரி தரும் இலவச விபிஎன் ஒன்று இருக்கிறது, எந்தத் தளமும் தடுப்பதில்லை என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த வீட்டு முகவரி யாருடைய வீடு என்று கேட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 911 எஸ்5 வளர்ந்ததே மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச விபிஎன் செயலிகளால்தான். போட்டவர்களின் கணினியே அவர்களுக்குத் தெரியாமல் குற்றவாளிகளுக்கான வழியாக மாறியது. நாளை விசாரணை என்று வந்தால் பதிவில் இருப்பது உங்கள் முகவரி.

கேள்வி: தடுக்கும் தளத்துக்குக் கடிதம் எழுதினால் பயன் உண்டா? என்ன எழுதுவது?

பதில்: உண்டு. விதி போட்டவருக்கே அது யாரைத் தடுக்கிறது என்று பல இடங்களில் தெரியாது. ஏனென்றால் தடுக்கப்பட்டவர் சொல்ல வழியில்லாமல் போய்விடுகிறார். தொடர்புப் பக்கமும் திறக்காது என்பதால் மின்னஞ்சலில் அல்லது அவர்களின் சமூக ஊடகக் கணக்கில் அனுப்புங்கள். தடுப்புப் பக்கத்தின் அடியில் எழுத்தும் எண்ணுமாக "ரே ஐடி" என்று ஒன்று இருந்தால் அதைக் கட்டாயம் சேருங்கள், அதை வைத்துத்தான் எந்த விதியால் தடுக்கப்பட்டீர்கள் என்று அவர்கள் தேட முடியும். உங்கள் சொந்த முகவரியைக் கொடுக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

"வணக்கம். இன்று மாலை உங்கள் தளத்தில் ஒரு கட்டுரையைப் படிக்க வந்தேன், 403 என்று தடுக்கப்பட்டேன். ரே ஐடியைக் கீழே கொடுத்திருக்கிறேன். பாதுகாப்புக்காக விபிஎன் பயன்படுத்துகிறேன், அதை அணைக்க முடியாத சூழ்நிலை. லாகின், கமெண்ட் ஆகியவற்றுக்கு நீங்கள் கட்டுப்பாடு வைப்பது நியாயம்தான். படிப்பதற்கு மட்டுமாவது இந்த விதியைத் தளர்த்த முடியுமா? தடுக்கத்தான் வேண்டும் என்றால், தடுப்புப் பக்கத்தில் காரணத்தையும் தொடர்பு மின்னஞ்சலையும் போட்டால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்."

பத்து நாளில் பதில் வரவில்லை என்றால் இன்னொரு முறை அனுப்புங்கள். பதில் வந்தால், நல்லதோ கெட்டதோ, இந்தப் பகுதிக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.